மாத்திரை கைக்கு வரும் முன்னும் பின்னும்: மருந்தாளுநர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடம் மருந்துக் கவுன்ட்டரில், சில வருடம் மருத்துவமனை வார்டில் என்று மருந்தாளுநராக வேலை பார்த்தவள் நான். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல, நேராகக் கேட்கப்பட்டவை. சில, கேட்க வாயெடுத்துவிட்டுப் பின்னால் வரிசையில் நிற்பவரைப் பார்த்து விழுங்கப்பட்டவை.

சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதானே மருந்தாளுநர் வேலை?

அதுவும் வேலைதான். ஆனால் பெட்டியை எடுக்கக் கை போகும்போதே மனம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இந்த மருந்து, இந்த அளவில், இந்த ஆளுக்குப் பொருந்துமா? வயது என்ன, எடை என்ன, சிறுநீரகம் எப்படி, கர்ப்பமா, ஏதாவது ஒவ்வாமை உண்டா, கூடவே வேறு என்ன மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது?

மருந்தைக் கொடுத்த பிறகும் வேலை முடியாது. அதை அவர் சரியாகச் சாப்பிட்டாரா, சாப்பிட்டதால் குணம் தெரிந்ததா, புதிதாக ஏதாவது தொந்தரவு கிளம்பியதா என்று பார்க்க வேண்டும். 1990-ல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைத் தெளிவாக எழுதி வைத்தார்கள்: மருந்து வழங்குவதோடு மருந்தாளுநரின் பொறுப்பு நிற்காது, அந்த மருந்தால் நோயாளியின் வாழ்க்கை மேம்பட்டதா என்பதுவரை அது நீள்கிறது. மருந்தாளுநர் படிப்பே அதன்பிறகு பல நாடுகளில் மாறியது. பொடி அரைப்பதும் கலவை செய்வதும் பின்னால் போக, நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது முன்னால் வந்தது.

மருத்துவர் எல்லாம் பார்த்துத்தானே எழுதுகிறார்? அதை இன்னொருவர் ஏன் சரிபார்க்க வேண்டும்?

பார்த்துத்தான் எழுதுகிறார். ஆனால் ஒருவருக்கு ஒரே மருத்துவர் என்ற காலம் போய்விட்டது. இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தன் சீட்டைத்தான் பார்க்கிறார். எல்லாச் சீட்டும் ஒரே இடத்தில் சந்திக்க வாய்ப்பிருப்பது மருந்தாளுநரின் மேசையில்தான்.

ஓர் உதாரணம். கொழுப்பைக் குறைக்க சிம்வாஸ்டாடின் சாப்பிட்டு வருகிறார் ஒருவர். நெஞ்சுச் சளி என்று வேறொரு மருத்துவரிடம் போகிறார். அவர் கிளாரித்ரோமைசின் எழுதுகிறார். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்துகள். சேர்ந்தால், கிளாரித்ரோமைசின் கல்லீரலில் சிம்வாஸ்டாடின் உடையும் வழியை அடைத்துவிடும். ரத்தத்தில் சிம்வாஸ்டாடின் பல மடங்கு ஏறும். தசை சிதையத் தொடங்கி, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் வரைக்கும் அடி விழலாம். இங்கே எந்த மருத்துவரும் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மருந்தாளுநர் ஒரு போன் போடுவார். ஆன்டிபயாடிக் முடியும்வரை சிம்வாஸ்டாடினை நிறுத்தி வைக்கலாம், இல்லை வேறு ஆன்டிபயாடிக் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

எழுதுபவரும் கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. 1240 வாக்கிலேயே சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடெரிக், மருத்துவரும் மருந்து விற்பவரும் கூட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார். அவருடைய கவலை பணம் சம்பந்தப்பட்டது. இன்றைக்கு நமக்குக் கூடுதலாக இன்னொரு காரணமும் இருக்கிறது: இரண்டு ஜோடிக் கண்கள்.

சீட்டைக் கொடுத்தால் ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கிறீர்கள்?

சில சமயம் கூட்டம்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல சமயம் சீட்டில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு நேராக 'தினமும்' என்று இருந்தால், கேட்காமல் கொடுக்க மாட்டோம். மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் குறைந்த அளவில் அருமையாக வேலை செய்யும் மருந்து அது. அதே அளவைத் தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். உலகம் முழுக்க இந்த ஒரே தவறில் உயிர்கள் போயிருக்கின்றன. எந்தக் கிழமை என்பதைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி, நோயாளியையும் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நான் அந்த மருந்தைக் கையில் கொடுப்பேன்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தலைவலி. வயிற்று அமிலத்துக்கான 'லோசெக்' அமெரிக்காவில் அறிமுகமானபோது, சிறுநீர் பிரிய வைக்கும் 'லேசிக்ஸ்' என்ற மருந்தோடு குழம்பியது. கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கடைசியில் 1990-ல் அங்கே லோசெக்கின் பெயரையே 'ப்ரைலோசெக்' என்று மாற்ற வேண்டியதாகிவிட்டது. தசமப் புள்ளியும் அப்படித்தான். '1.0' என்று எழுதி, புள்ளி மங்கிப்போனால் பத்து. அதனால்தான் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதீர்கள் என்று மருந்துப் பாதுகாப்புக்காரர்கள் கரடியாகக் கத்துகிறார்கள்.

"வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்களே, ஏன்?

ஏனென்றால் பாதிப் பேர் முதல் முறை முழுதாகச் சொல்வதில்லை. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. 'மருந்து' என்றால் அவர்கள் மனதில் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை மட்டும்தான் வரும். கண் சொட்டு மருந்து, தோலில் ஒட்டும் பட்டை, கருத்தடை மாத்திரை, தலைவலிக்குத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வது, வைட்டமின், கால்சியம், மூலிகைப் பொடி எதுவும் கணக்கில் வராது. எங்களுக்கு எல்லாமே கணக்கில் உண்டு.

தானே வாங்கிப் போடும் வலி மாத்திரையையே உதாரணமாகப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் வகை மருந்தும், கூடவே நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுபவர், முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென் சேர்த்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கும். வயதானவர், வாந்தி பேதியில் உடம்பு நீர் வற்றிய நேரம் என்றால் சிறுநீரகம் திடீரென்று முடங்கலாம். முதல் இரண்டும் சீட்டில் இருக்கும். மூன்றாவது, நீங்கள் வாய் திறந்தால்தான் தெரியும்.

பாராசிட்டமால் இன்னொன்று. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கு ஒரு கூட்டு மாத்திரை, உடம்பு வலிக்கு மூன்றாவதாக ஒன்று என்று போட்டால், மூன்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். பெட்டி மேல் பெயர் வேறு, உள்ளே சரக்கு ஒன்றுதான். கல்லீரல் கெடத் தொடங்கி ஒரு நாள், ஒன்றரை நாள் வரைகூடப் பெரிய அறிகுறி தெரியாமல் போகலாம். அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை. அதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது.

இன்னொரு ஜோடியையும் சொல்ல வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மருந்து. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். முதலாவதை யாரும் வெளியே சொல்வதில்லை என்பதுதான் ஆபத்து. எங்களிடம் சொன்னால் எங்கள் முகம் மாறாது. தினமும் கேட்கிற விஷயம்.

மூலிகைதானே, இயற்கைதானே, அது என்ன செய்யும்?

இயற்கையில் கிடைப்பதாலேயே ஒன்று சாது ஆகிவிடாது. இதயத்துக்கான டிஜாக்சின் என்ற மருந்தின் பூர்வீகம் ஒரு செடி. கடும் வலிக்கான மார்ஃபினுடையதும் அப்படித்தான். மனச்சோர்வுக்குப் பலரும் தாங்களே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கழித்துக்கட்டிவிடும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு அதைக் காப்பாற்றும் சைக்ளோஸ்போரின் அளவு இறங்கிவிடும். மூலிகை சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பதெல்லாம் உண்மையிலேயே முக்கியமா?

சில மருந்துக்கு முக்கியமே இல்லை. சிலவற்றுக்கு அதுதான் பாதி வைத்தியம்.

தைராய்டுக்கான லெவோதைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி. இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போன கதைகள் ஏராளம். மருந்தின் மேல் தப்பில்லை, நேரத்தின் மேல்தான். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டுக்கு இன்னும் கெடுபிடி அதிகம். வெறும் வயிறு, ஒரு தம்ளர் சாதாரணத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரம் படுக்கவே கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும்.

சிப்ரோஃபிளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்றவற்றைப் பாலோடு சாப்பிட்டால், பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சப்படாது. ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம்.

பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் கதை தனி. 1989-ல் கனடாவில், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மதுவைக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. மதுவின் சுவை தெரியாமல் இருக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக ஏறியது. தேடிப் பார்த்தால் குற்றவாளி மது இல்லை, சாறு! குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. இன்று பல மருந்துகளுக்கு அந்தப் பழத்தைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

ஒரு வேளை மறந்துவிட்டேன். அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். பொதுவான வழி இதுதான்: சீக்கிரமே ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். ஆனால் இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி உண்டு. மருந்து வாங்கும் அன்றைக்கே, 'மறந்தால் என்ன செய்வது?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

உடம்பு நன்றாக இருக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாம் அல்லவா?

உடம்பு நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தானோ என்னவோ. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வலிப்பதில்லை. அதனால் மாத்திரை தேவையில்லை என்று தோன்றுவது இயல்பு. நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி தொடர்பவர்கள் வளர்ந்த நாடுகளில்கூடச் சுமார் 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. பாதிப் பேர்! ஆய்வகத்தில் என்ன அதிசய மருந்து கண்டுபிடித்தாலும் அலமாரியில் இருந்தபடி அது யாரையும் குணப்படுத்தாது.

இங்கே ஒரு விஷயத்தில் எங்கள் தொழிலையும் குறை சொல்ல வேண்டும். மருந்தை விட்டவரைப் பார்த்து 'ஏன் சாப்பிடவில்லை?' என்று வாத்தியார் மாதிரி அதட்டுவது பல காலம் வழக்கமாக இருந்தது. அதட்டினால் அடுத்த முறை 'சாப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைவிட, 'போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று சாதாரணமாகக் கேட்டால் உண்மை வரும். தலை சுற்றுகிறது, ராத்திரி நான்கு முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது, விலை கட்டுப்படியாகவில்லை, படித்துப் பார்த்தேன் பயமாக இருந்தது என்று ஏதோ ஒரு காரணம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. நீர் பிரியும் மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றினாலே சிலருக்குத் தூக்கம் திரும்பிவிடும்.

திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்துகளும் இருக்கின்றன. பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டு, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து. இவற்றைப் படி இறங்குவது மாதிரி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். அதை மருத்துவர் சொல்லி, மருந்தாளுநர் நாள்வாரியாக எழுதிக் கொடுப்பார்.

மாத்திரை பெரிதாக இருக்கிறது. பொடித்துக் கொடுக்கலாமா?

கேட்காமல் செய்யாதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டிய மருந்தைப் பொடித்தால், மொத்தமும் ஒரே அடியாக இறங்கும். வயிற்று அமிலத்திலிருந்து காக்கப் பூச்சுப் போட்ட மாத்திரையைப் பொடித்தால், குடலுக்குப் போகும் முன்பே கெட்டுவிடும். விழுங்க முடியவில்லை என்று சொன்னால் திரவம், கரையும் மாத்திரை, வேறு மருந்து என்று ஏதாவது பார்த்துத் தரலாம்.

அப்பாவுக்குத் தினமும் பதினோரு மாத்திரை. இவ்வளவும் தேவையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்பவர்கள்தான் குறைவு.

மாத்திரைகள் எப்படிப் பெருகும் என்று பாருங்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம் என்று அம்லோடிபின் தொடங்குகிறார்கள். சில மாதத்தில் கணுக்கால் வீங்குகிறது. அது அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு. ஆனால் அப்படி யோசிக்காமல், வீக்கம் என்றால் நீர் என்று நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்க்கிறார்கள். வீக்கம் பெரிதாக வடியாது, ஏனென்றால் அது நீர் கூடியதால் வந்த வீக்கமே இல்லை. அந்த இரண்டாவது மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். கால் பெருவிரலில் 'கௌட்' என்ற மூட்டுவலி. அதற்கு வலி மாத்திரை. வலி மாத்திரை என்ன செய்யும்? ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடனே ரத்த அழுத்தம் கட்டுப்படவில்லை என்று அம்லோடிபின் அளவைக் கூட்டுவார்கள். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறோம், கையில் மூன்று மாத்திரையோடு.

இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து சேர்ப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. எனாலப்ரில் வகையால் வரும் வறட்டு இருமலுக்கு மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மருந்து மறுஆய்வு என்று நாங்கள் சொல்வது இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் மேசையில் பரப்பி வைப்போம். ஒவ்வொன்றுக்கும்: இது எதற்காகத் தொடங்கியது? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? அளவு இன்றைய சிறுநீரகத்துக்குப் பொருந்துகிறதா? ஒன்றின் தொந்தரவை மறைக்க இன்னொன்று வந்திருக்கிறதா? அப்பா போன்ற வயதானவர்களுக்கு எதைத் தவிர்ப்பது நல்லது என்று பட்டியல்கள் உண்டு. மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் தொடங்கிய பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஜலதோஷத்துக்கும் தூக்கத்துக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் அதில் இருக்கின்றன. முதியவர்களுக்கு அவை மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். குழப்பம் என்றதும் 'வயசாயிடுச்சு, மறதி' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். மாத்திரையை நிறுத்திப் பார்க்கத் தோன்றாது.

ஒன்று மட்டும்: நீங்களே எதையும் குறைக்காதீர்கள். மருந்தாளுநர் பார்த்து, மருத்துவரிடம் பேசி, ஒரு நேரத்தில் ஒன்றாகக் குறைப்பதுதான் முறை. பதினொன்று ஏழாகலாம். சில சமயம் பதினொன்றுமே தேவையாகவும் இருக்கும். அதுவும் ஒரு பதில்தான்.

மருத்துவமனை வார்டில் மருந்தாளுநருக்கு என்ன வேலை?

நிறைய. நோயாளி உள்ளே வந்ததும், வீட்டில் என்னென்ன சாப்பிட்டார் என்ற பட்டியலைச் சரியாகத் தயாரிப்பது முதல் வேலை. வீட்டிலிருந்து வார்டு, வார்டிலிருந்து தீவிர சிகிச்சை, அங்கிருந்து திரும்ப வீடு என்று இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மருந்து நழுவும், அல்லது இரட்டிக்கும். அறுவை சிகிச்சைக்காக நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்க மறந்துவிடுவார்கள். வார்டில் தற்காலிகமாகத் தொடங்கிய வயிற்று மாத்திரை ஐந்து வருடம் தொடரும்.

அடுத்தது டோஸ் கணக்கு. வான்கோமைசின், ஜென்டாமைசின், டிஜாக்சின், லித்தியம், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே இடைவெளி குறுகல். ரத்தத்தில் அளவு பார்த்து, கூட்டிக் குறைத்துப் போக வேண்டும். மெலிந்த பாட்டிகள் இங்கே எல்லோரையும் ஏமாற்றுவார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைவு என்பதால் அது ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வரும். 1976-ல் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் தந்த வாய்பாட்டில் வயதையும் எடையையும் போட்டுப் பார்த்தால், சிறுநீரகம் பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறது என்று தெரியும்.

சில வேலைகள் கண்ணுக்கே தெரியாது. வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ரத்தக் குழாய் வழியாக மட்டுமே போக வேண்டும். தண்டுவடத்தில் ஏற்றும் வேறு மருந்தின் சிரிஞ்சோடு மாறி முதுகில் போய்விட்டால் அநேகமாக மரணம்தான். அதற்கு மருந்தகங்கள் கண்ட வழி எளிமையானது: வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் அனுப்புவதே இல்லை, சிறு பையில் கலந்து அனுப்புவது. பையை யாரும் முதுகில் குத்த மாட்டார்கள். எத்தனை எச்சரிக்கை ஒட்டினாலும் வராத பாதுகாப்பு அந்தப் பையால் வந்தது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்டுக்கொண்டு வர வேண்டும்?

புதிதாகச் சேர்ந்தது எது, நின்றது எது, அளவு மாறியது எது. இந்த மூன்றும் தெரியாமல் கட்டிலைவிட்டு எழாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய மாத்திரைகளைப் புதியவற்றோடு கலக்க வேண்டாம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்து, இரண்டையும் சாப்பிட்டு மயங்கி, மூன்றே நாளில் திரும்ப வந்தவர்கள் உண்டு.

இன்ஹேலரை எப்படி எடுப்பது என்று எனக்கே தெரியும். அதையும் சொல்லித்தர வேண்டுமா?

எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்று நான் கேட்டால், பலரும் ஏதாவது ஒரு படியைத் தவற விடுவார்கள். வருடக்கணக்கில் உபயோகிப்பவர்களும்தான். அழுத்தினால் பீய்ச்சும் வகையில், குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி வகையில் நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் இழுப்பார்கள். மருந்து தொண்டையோடு நின்றுவிடும். 'இந்த மருந்து கேட்கவில்லை' என்று அடுத்த கட்டத்துக்குப் போகும் முன்பு ஒரு முறை இழுத்துக் காட்டச் சொல்வது மலிவான வைத்தியம். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயில் வெள்ளைப் படிவமாகப் பூஞ்சை வரும்.

இன்சுலினும் இப்படித்தான். ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டி தட்டிவிடும். அந்தக் கட்டியில் போட்டால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

ஜெனரிக் மருந்து மட்டமானதா? 20 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்கிறார்களே?

ஜெனரிக் என்பது, மூல கம்பெனியின் காப்புரிமை முடிந்த பிறகு அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்பது. அந்த 20 சதவீதம் ஒரு புள்ளியியல் எல்லையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு 20 சதவீதம் குறையலாம் என்று எந்த விதியும் அனுமதிக்கவில்லை. மூல மருந்தோடு ஒப்பிடும்போது, ரத்தத்தில் சேரும் அளவின் விகிதமும் அதைச் சுற்றியுள்ள நிச்சயமின்மையும் மொத்தமாக 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் இடையே அடங்க வேண்டும் என்பதே விதி. அதில் தேற, நிஜ வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 ஆண்டுக் காலத்தின் 2,070 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உறிஞ்சப்பட்ட மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 3.5 சதவீதம் சொச்சம்தான்.

விதிவிலக்கு உண்டு. வலிப்பு மருந்து, உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்றவற்றில் எந்தக் கம்பெனி மருந்தில் நிலைத்திருக்கிறீர்களோ அதிலேயே இருப்பது நல்லது. மாற்ற நேர்ந்தால் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

குழந்தைக்கு மருந்து, ஒரு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன்?

எந்த ஸ்பூனும் வேண்டாம். மருந்துக் கணக்கில் ஒரு டீஸ்பூன் 5 மில்லி. வீட்டு ஸ்பூன்களோ ஒன்று 3 மில்லி பிடிக்கும், ஒன்று 7 பிடிக்கும். அளவு போட்ட சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு டோஸ் எடையை வைத்துத்தான், அதனால் எடையைச் சொல்லுங்கள். அதே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் வேறு வேறு செறிவில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்புறம், காய்ச்சல் என்று குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அரிதாக என்றாலும் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் வரலாம்.

மருந்தாளுநரும் தவறு செய்வாரா?

செய்வார். நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 25 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் 50-ஐ எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு பெட்டியும் ஒரே நீலம், மூலையில் இருக்கும் எண் மட்டும் வேறு. கூட வேலை பார்த்த அக்கா கடைசிச் சரிபார்ப்பில் பிடித்தார். என்னைத் திட்டவில்லை. அந்த இரண்டு பெட்டிகளையும் அலமாரியின் இரு வேறு தட்டுகளுக்கு மாற்றி வைத்தார். திட்டியிருந்தால் நான் மட்டும் கவனமாகியிருப்பேன். அவர் செய்ததால் எனக்குப் பின்னால் வந்தவர்களும் தப்பித்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஓர் உலகளாவிய இயக்கம் தொடங்கியது. அதன் அடிப்படையும் இதேதான்: ஆளைப் பழிப்பதைவிட, தவறு நடக்க இடம் தரும் முறையை மாற்றுவது. நீங்களும் ஒரு சரிபார்ப்புதான். வழக்கமான மாத்திரை நிறம் மாறி வந்தால், வடிவம் மாறியிருந்தால், விழுங்கும் முன் கேளுங்கள். பெரும்பாலும் கம்பெனி மாறியிருக்கும். எப்போதாவது ஒரு முறை, கேட்டது நல்லதாகப் போகும்.

மருந்தாளுநரே மருந்து எழுதித் தர முடியுமா?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் சுயமாகவே எழுதலாம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2007 முதல். பல நாடுகளில் அந்த அதிகாரம் இல்லை, பரிந்துரை மட்டும் செய்யலாம். எழுத அதிகாரம் இருக்கும் இடத்திலும், நோய் இன்னதென்று தெரியாத நிலையில் நல்ல மருந்தாளுநர் எழுத மாட்டார்.

எப்போது உங்களிடம் வராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, மருந்து சாப்பிட்டதும் உதடு நாக்கு வீங்குவது, ரத்த வாந்தி, கருத்த மலம், புது மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் தோலில் கொப்புளமும் வாயில் புண்ணும் சேர்ந்து வருவது. இவற்றுக்குக் கவுன்ட்டரில் மருந்து கேட்டு நிற்கும் நிமிடங்கள் வீண். போகும்போது சாப்பிடும் மருந்துகளை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதுமா?

மிக நல்லது. மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, எதற்காக, யார் எழுதியது, எது ஒத்துக்கொள்ளாது, மேலே தேதி. தேதி இல்லாத பட்டியலை நாங்கள் நம்ப மாட்டோம். தாள் இல்லையா, எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாருங்கள். காலியான அட்டை, பாதி தீர்ந்த பாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை உட்பட.